எனக்குத் தெரிந்த யப்பான் மொழி

எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் குகதாசன் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. யப்பான் குகன் என்று கேட்டால் தேத்தண்ணிக் கடையில் நிற்கிறவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் முன்னால் விட்டுவிடுவார். பாரிஸில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வருடமாக சுஷி உருட்டுகிறேன். கறுப்பு அங்கி போட்டு, நெற்றியில் வெள்ளைத் துணி கட்டி, மீன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பேன். சாப்பிட வருகிற வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்துத் தலை குனிவார்கள். நானும் குனிவேன். இப்படி நாள்முழுக்கக் குனிந்துகொண்டு நின்றால் எவனுக்கும் கொஞ்சம் யப்பான் ஏறத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் அளவு கடந்து ஏறிவிட்டது.

ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் வாமதேவன் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். மடுத்தீன் பஸ் ஓட்டுகிறான். லா கூர்னெவில் ஒரே அறையில் குடியிருந்த காலத்திலிருந்து நாங்கள் மூவரும் கூட்டு. ஞாயிறு பின்னேரம் வாமதேவனின் கடையில் கூடினால், நான் யப்பானைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவேன். யப்பான்காரன் முட்டைக்கோவா சலாட் தின்னாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டான் என்பேன். மாட்டிறைச்சிக்குள் சீஸ் வைத்துக் குச்சியில் குத்திச் சுடுவது அவர்களுடைய அரண்மனைச் சாப்பாடு என்பேன். இந்த அரண்மனை விசயத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கடையில் அதுதான் நன்றாக விற்கும் என்பதால் நானாக ஊகித்துக்கொண்டது.

மடுத்தீனுக்கு ஐம்பது வயது நிறைவதற்கு எங்காவது போவோம் என்று பேச்சு வந்தது. அவன் லூர்து மாதாவிடம் போகலாம் என்றான். வாமதேவன் துபாய் என்றான். நான் யப்பான் என்றேன்.

"பாஷைக்கு என்ன செய்யிறது?" என்று மடுத்தீன் கேட்டான்.

"நான் இருக்கிறனெல்லோ!"

அத்தோடு லூர்தும் துபாயும் அடிபட்டுப் போயின.

என்னுடைய யப்பான் மொழி புத்தகத்தில் படித்தது அல்ல. குசினிக்குள் எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, கத்துவார், நாங்கள் ஓடுவோம். எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பழகியதுதான் என் இலக்கணம். கடைப் பலகையில் யப்பான் எழுத்து. கடைக்குள் யப்பான் விளக்கு. அப்படியானால் முதலாளி கத்துவதும் யப்பான் மொழிதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

டோக்கியோவில் காலையில் இறங்கினோம். விமானத்துக்குள்ளேயே இரண்டு பேருக்கும் கட்டளை கொடுத்துவிட்டேன்.

"அங்கை வந்து கண்டபடி வாயைத் திறக்காதேங்கோடா. கதைக்கிறதை நான் கதைக்கிறன்."

கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி முத்திரை குத்தித் தந்ததும் நான் இடுப்பு வரை குனிந்து, "சியே சியே" என்றேன். நன்றி என்று அர்த்தம். அவர் என்னை ஒருகணம் பார்த்தார், பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

"பார்த்தியளே, டக்கெண்டு விளங்கிட்டுது" என்றேன்.

"அப்ப ஏன் இங்கிலிஷிலை மறுமொழி சொன்னவர்?" என்றான் மடுத்தீன். அவன் லண்டனில் சில காலம் இருந்தவன். ஆங்கிலம் அவனுக்கு நன்றாக ஓடும்.

"அது மரியாதை."

ரயில் நிலையத்தில்தான் முதல் இடி விழுந்தது. நகரத்துக்கு வேகமாகப் போகிற ரயில் எது என்று கேட்க வேண்டும். வேகம் என்பதற்கு என்னிடம் சொல் இருந்தது. சேர்விஸ் நேரத்தில் பத்ரோன் அதைத்தான் நாள்முழுக்கக் கத்துவார். சீருடை போட்ட ஒரு ஊழியரிடம் போய், "குவாய் தியென்! குவாய் தியென்!" என்று ரயிலையும் காட்டி என்னையும் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுக் குனிந்தார், உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவரும் கேட்டுவிட்டுக் குனிந்து, தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். ரயில் போய்விட்டது.

வாமதேவன் தன் கைபேசியில் இருந்த மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து நீட்டினான். மேலதிகாரி அதைப் படித்ததும் மலர்ந்துபோய், எங்களை மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்.

"என்னடா, நீ கதைச்சது ஒருத்தருக்கும் விளங்கேல்லையே?" என்றான் வாமதேவன்.

"டோக்கியோப் பாஷை வேறை மச்சான். எங்கடை பத்ரோன் தெற்குப் பக்கம். யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் மாதிரி."

சொன்ன கையோடு நானே அதை நம்பியும் விட்டேன்.

பின்னேரம் குளித்து வெளிக்கிட்டபோது, முதல் நாள் சாப்பாடு என் பொறுப்பு என்று அறிவித்தேன். பெரிய தெருவை விட்டு விலகி ஒரு ஒழுங்கைக்குள் போனோம். வினாகிரி விட்டுப் பிசைந்த சோற்று மணம் வந்த வாசலில் நின்றேன். சின்னக் கடை. நீளப் பலகைக்குப் பின்னால் ஒரு வயதானவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியிலும் என்னுடையதைப் போல வெள்ளைத் துணி. என் இனத்தைக் கண்ட சந்தோசம் எனக்கு.

"ஃபோனை பொக்கெற்றுக்குள்ளை வை" என்றேன் வாமதேவனிடம். "இது தொழில்காரருக்கு இடையிலை இருக்கிற விசயம்."

ஒரு இளம் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, காற்றில் சுஷி உருட்டிக் காட்டி, வயதானவரைப் பார்த்துக் குனிந்தேன். பிறகு எங்கள் கடையில் வேலைக்காரர் சாப்பிட உட்காரும்போது பத்ரோன் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னேன். அது சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஏதோ ஆசீர்வாதம் என்பது என் முடிவு. கடை முழுவதும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, "மான் மான் ச்சீ!" என்றேன்.

கத்தி நின்றது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வயதானவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு மடை திறந்த மாதிரிப் பேசத் தொடங்கினாள். முகமெல்லாம் வெளிச்சம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

"என்னடா சொல்லுது பிள்ளை?" என்றான் மடுத்தீன்.

"எங்களை வரவேற்குது."

"இவ்வளவு நேரமோ?" அவன் அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். மடுத்தீன் மெல்லக் குனிந்து நெற்றியைப் பலகையில் வைத்தான். தோள் இரண்டும் குலுங்கின. பயணக் களைப்பில் மயங்கிவிட்டான் என்று நினைத்து நான் அவன் முதுகைத் தடவினேன். அவன் தலையை நிமிர்த்தியபோது கண்ணில் தண்ணீர்.

"மச்சான், இந்தப் பிள்ளை சீனா. இஞ்சை படிக்க வந்தது. இந்தக் கடையிலை இவ்வளவு நாளிலை ஒருத்தரும் தன்னோடை சீனப் பாஷை கதைச்சதில்லையாம். ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ எண்டு நீ எல்லாருக்கும் சொன்னியாம். எங்கை சீனம் படிச்சனீ எண்டு கேக்குது."

வாமதேவனால் கடைக்குள் இருக்க முடியவில்லை. வெளியே ஓடினான். அங்கே நின்ற ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் குந்தியிருந்து சிரிப்பது கண்ணாடிக் கதவால் தெரிந்தது.

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அப்போதுதான் என் மகள் தர்மிளாவின் ஞாபகம் வந்தது. யப்பான் கார்ட்டூன் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ஒருநாள் நான் வீட்டில் என் மொழியை அவிழ்த்துவிட்டபோது, "பப்பா, ஸ சே பா து ஜப்போனே" என்றாள். அது யப்பான் மொழியே இல்லையாம். யப்பான் கடையில் வேலை செய்கிறது நீயா நானா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். லெ பிளாங்-மெனிலில் இருக்கிற வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது?

அந்தப் பெண் விடவில்லை. வேறு என்ன தெரியும் என்று மடுத்தீன் மூலம் கேட்டாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? என் சொத்து முழுவதையும் பத்ரோனின் குரலிலேயே எடுத்துவிட்டேன். "மீ ஃபான் மெய் லே!" என்றால் நான் சோறு வடிக்க ஓட வேண்டும். "ஷீ வான்!" என்றால் கோப்பை கழுவ. கடைசியாக, கோப்பை உடைந்தால் விழுகிற "பென் தான்!" அதற்கு அர்த்தம் மடையன் என்பதை அவள்தான் சொன்னாள். அதுவரைக்கும் அது என்னைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் என்று நினைத்திருந்தேன்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அப்பாவும் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். இதே சொற்கள், இதே கத்தல். கைபேசியை நீட்டி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். நான் "பென் தான்" என்று கத்த, அதைப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினாள். யப்பானில் என் முதல் நாள் மொழிப்புலமை இப்படியாகச் சீனாவுக்குப் போனது.

வயதானவர் சிரிக்கவில்லை. பாரிஸில் என்ன செய்து கொடுக்கிறாய் என்று கேட்டார். மாட்டிறைச்சிக்குள் சீஸ் என்பது என்னிடமிருந்து மடுத்தீனுக்கும், மடுத்தீனிடமிருந்து பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து அவருக்கும் போய்ச் சேர்ந்தது. "உள்ளுக்கோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். உள்ளுக்குத்தான் என்றேன். நீண்ட நேரம் யோசித்தார். அரண்மனையைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. ஒருநாள் செய்து பார்க்கிறேன் என்று கடைசியில் அவர் சொன்னாராம். அந்த மரியாதையைத் தாங்குவது சிரிப்பைத் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு துண்டாகப் பிடித்து என் முன் வைத்தார். சோறு இளஞ்சூடாக இருந்தது. எங்கள் கடையில் எப்போதும் ஜில்லென்று இருக்கும். நான் பேசாமல் சாப்பிட்டேன். நான் பேசாமல் சாப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக வாமதேவன் இப்போதும் சொல்கிறான்.

வெளியே வந்ததும் மனம் கேட்கவில்லை. பத்ரோனுக்கு ஃபோன் அடித்தேன். பாரிஸில் மத்தியானச் சேர்விஸ், பின்னால் சட்டி பானைச் சத்தம்.

"மிசியே லின், நீங்கள் எந்த நாடு?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"என்ன? நீ வக்கான்ஸ் லீவில் இல்லையா?"

"வக்கான்ஸில்தான். எந்த நாடு?"

"சீனா. வென்ஜோ. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

"யப்பான் எப்படி இருக்கிறது? நான் போனதில்லை. அங்கே சுஷி நல்லதா?"

"பரவாயில்லை."

"அவ்வளவு தூரம் போனதுக்கு நீ உன் நாட்டுக்கே போயிருக்கலாமே. இந்தியா பக்கத்தில்தானே."

நான் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். இலங்கை என்று சொல்லி, படம் கீறி, கடலைக் காட்டி விளக்குவதற்கு வாயில் எல்லாம் தயாராக இருந்தது. இழுத்த மூச்சை அப்படியே மெதுவாக விட்டேன்.

"அடுத்த முறை பார்ப்போம், மிசியே" என்றேன்.

கொஞ்சம் தள்ளி நின்ற இரண்டு பேரும் கிட்ட வந்தார்கள். "என்னவாம்?" என்றான் வாமதேவன்.

"சாப்பாடு எப்படியெண்டு கேட்டவர்" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த ஒருநாளைக்கு அவர்கள் சிரித்தது போதும்.