கால் அங்குலம்

முப்பது வருடமாக இந்தக் குளிர் தேசத்து வோபர்னில் பிறத்தியாரின் உடுப்புகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கிறேன். தையல் பழக வந்த எத்தனையோ பெட்டைகளை ஏசியிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். "தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" அந்த வாய்க்குக் கிடைத்த தண்டனைதான் இது.

என்னுடைய மனுசன் இராஜரட்ணம் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். மூன்று வருடத்துக்கு முன் விட்பி ஊருக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகைக்குப் பெயின்ற் அடிக்கப் போனார். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வழக்கம். துணித்துண்டுகளைப் பொருத்தித் தைக்கிற குவில்ட் போர்வையில் வரும் கோலத்தைப் பெரிய பலகையில் தீட்டி, கொட்டகை முகப்பில் மாட்டுவார்கள். பண்ணைக்காரர் கேட்க, இவரும் நீலத்திலும் வெள்ளையிலும் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று தீட்டிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கரைச்சல்.

"தவம், நீர் ஒருக்கா வந்து பாருமன். ரோட்டிலை நிண்டாலே தெரியுது."

"பலகையிலை போர்வை கீறி ஆருக்குக் குளிர் விடப்போகுது? எனக்குத் தைக்கக் கிடக்கு" என்பேன்.

போகவே இல்லை. போன மாசியில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். சித்திரையில் மகள் நிலாணியோடு அங்கே போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! கொட்டகை இருந்த இடத்தில் மண்மேடும், புது வீடுகள் வரப்போவதாக ஒரு விளம்பரத் தட்டியும் நின்றன. பலகை எங்கே என்று கேட்க ஓர் ஆள்கூட இல்லை. காருக்குள் இருந்து கத்தி அழுதேன்.

வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு அந்த நட்சத்திரத்தைத் துணியில் தைத்து, அவருடைய படத்துக்குக் கீழே விரிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். உயிரோடு இருக்கும்போது பார்க்கப் போகாததற்கு வேறு என்ன செய்வது? பேஸ்மென்டில் அவர் முதலில் கீறிப் பார்த்த கடதாசி கிடந்தது. ஓர் அடிச் சதுரம். வெள்ளைத் துணி கடையில் வாங்கினேன். நீலத்துக்குத்தான் யோசனை. அவருடைய உடுப்பெல்லாம் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு கொடுத்தாயிற்று. தையல் மெஷினின் இழுப்பு லாச்சிக்குள் நான் ஒளித்து வைத்த நீலச் சேர்ட் ஒன்றுதான் மிச்சம். வேலைக்குப் போட்டுப் போட்டு முதுகெல்லாம் நைந்திருந்தது. நல்ல துணி ஒரு நட்சத்திரத்துக்கு மட்டுமே காணும்.

கடதாசியைக் கோட்டோடு வெட்டினேன். துண்டுகளைச் சேர்ட்டின் மேல் வைத்துச் சோக்கால் கீறினேன். அவர் கீறிய கோட்டுக்கு வெளியே ஒரு மயிரளவும் போகக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டி முடித்தேன்.

முதல் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து விரித்துப் பார்த்தேன். முனையைக் காணவில்லை. தையலுக்குள் போய்விட்டது.

பெயின்றில் ஒரு நிறம் முடிகிற கோட்டிலேயே மற்ற நிறம் தொடங்கும். துணிக்குத்தான் தையலுக்குள் போகிற கால் அங்குலத்தைக் கோட்டுக்கு வெளியே விட்டு வெட்ட வேண்டும். கடவுளே, இது எனக்கா தெரியாது! மற்றத் துண்டுகளும் அதே அளவில் வெட்டிக் கிடந்தன. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் தைத்தேன். எட்டு முனையும் மழுங்கி, சதுரமும் சுருங்கி, பல்லுப்போன வாய் மாதிரி இருந்தது.

நிலாணி வந்து பார்த்தாள். "இட்ஸ் ஓகே அம்மா. இதே ப்ளூவிலை வேறை துணி ஓர்டர் பண்ணுவம். ஒருத்தருக்கும் தெரியாது."

"நிறம் கிடைக்குமடி விசரி. உன்ரை அப்பான்ரை சேர்ட் எந்தக் கடையிலை விக்குது?"

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

நாளைக்குத் திவசம். அந்த மழுங்கல் நட்சத்திரத்தைத்தான் படத்துக்குக் கீழே விரித்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அந்த மனுசன் சொன்ன ஒரு சொல்லையும் நான் கேட்டதில்லை. அவர் கிழக்கு என்றால் நான் மேற்கு. ஒரேயொரு நாள் அவர் கீறிய கோட்டை மீறாமல் நின்றேன். அன்றைக்குத்தான் கால் அங்குலம் மீறியிருக்க வேண்டும்.