மார்லீன் பக்கத்துக் கண்ணாடி

செத்துப்போய் நாலு மாதம் ஆன டுவேன், வியாழக்கிழமை காலையில் காருக்குள் மாட்டிக்கொண்டான்.

மார்லீன் போனில் இதைச் சொன்னபோது லெஸ்டர் இரண்டு முட்டியிலும் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் டிங்கர் வேலை பார்த்த உடம்பு. முட்டி போய், மூச்சும் பாதி போய், லிங்கன் பார்க்கில் இருந்த பட்டறையை இழுத்து மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் போன் அடித்தாலே அவருக்கு எரிச்சல் வரும்.

"யாரு மாட்டிக்கிட்டா?"

"டுவேன்தான்! சாம்பல் டப்பாவ நேத்து சாயங்காலமே முன் சீட்டுல வச்சு பெல்ட்டு போட்டுவிட்டேன். சனிக்கிழமை உட்வர்ட் ரோட்டுப் பழைய கார் ஊர்வலத்துக்குத் தன்னையும் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடினான்? காலைல வந்து பாத்தா பேட்டரி செத்துக் கிடக்கு. ரிமோட்ட அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போச்சு."

"பேட்டரி டிக்கிலதானே இருக்கு? டிக்கியத் திற."

"டிக்கிக்கும் அதே ரிமோட்தானே, மகராசா! இருந்த ஓட்டையெல்லாம் ஒண்ணு விடாம அடைச்சவன் நீதானே?"

லெஸ்டர் ஐஸ் பைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வண்டி இழுக்கிறவன் வந்து பாத்துட்டு, கண்ணாடிய உடைக்கணும்னான். புருஷன் தலையில கண்ணாடியக் கொட்டவா, போய்யான்னு அனுப்பிட்டேன். நீ உள்ளுக்குள்ள ஒரு கம்பி வச்சிருப்பியாமே? 'எதுன்னாலும் லெஸ்டரக் கேளு, அவனுக்குத் தெரியும்'னு டுவேன் சொல்லியிருக்கான். அது எங்கே இருக்கு?"

கம்பி எங்கேயும் இல்லை. அது லெஸ்டருக்கு மட்டும்தான் தெரியும், அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வண்டி எழுபதாம் வருஷத்துச் செவெல் கார். அதன் உடம்பில் லெஸ்டர் கை படாத இடமே கிடையாது. பெயர்ப் பட்டைகளைப் பிடுங்கி, பம்பரை உடம்போடு ஒட்ட இழுத்து, பின் சக்கர வளைவை விரித்து, கடைசியாகக் கதவுக் கைப்பிடிகளையும் கழற்றினார். கைப்பிடி இருந்த ஓட்டைக்குத் தகடு வெட்டி வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறக் காத்திருந்து அடுத்ததை வைத்தார். அவசரப்பட்டு ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் கதவு அப்பளமாக நெளிந்துவிடும். அந்தக் கதவில் இன்றைக்குக் கையை ஓட்டிப் பார்த்தாலும் தகடு எங்கே முடிகிறது, பழைய கதவு எங்கே தொடங்குகிறது என்று எவனாலும் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட வேலை!

கைப்பிடி இல்லாத கதவைப் பேட்டரிதான் திறக்கும். பேட்டரி செத்தால் இழுப்பதற்கு வண்டிக்கு அடியில் எங்கேயாவது ஒரு கம்பியை ஒளித்து வைப்பார்கள். அது இருக்கும் இடம் செய்தவனுக்கும் சொந்தக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். வெளியே தெரிந்தால் வண்டி காணாமல் போய்விடும் அல்லவா?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த ஆகஸ்டில் ஊர்வலத்துக்கு நாலு நாள் இருக்கும்போது லெஸ்டரின் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் தூங்காமல், சாப்பிடாமல், வேலையில் போய் விழுந்தார். கதவுகளை மூடி, உள்பலகையை மாட்டி, சாவியைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் கம்பி ஞாபகம் வந்தது. போனில், "கம்பியெல்லாம் இருக்குடா, எங்கன்னு அப்புறம் காட்டுறேன்" என்றார். அடுத்த வாரம் வண்டியை வாங்கிச் சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் வரவே இல்லை. அசதி, வேறென்ன.

ஜனவரியில் டுவேன் ஒருநாள் கூப்பிட்டான். "டேய், அந்தக் கம்பி வச்சிட்டதானே?"

"ஏன், என் வேலையிலயே சந்தேகமா உனக்கு?"

"சேச்சே, சும்மா கேட்டேன்டா." போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நல்லவேளை என்று லெஸ்டரும் விட்டுவிட்டார்.

மார்லீன் வீட்டுக் காரேஜில் வண்டி பளபளவென்று நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் முன் சீட்டில் டுவேன், பெல்ட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். லெஸ்டர் தன் லாரியைப் பக்கத்தில் நிறுத்தி, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அட்டையை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தார். முட்டி உயிரை எடுத்தது. கம்பி இல்லாவிட்டால் என்ன, செல்ஃப் மோட்டாருக்கு வரும் பேட்டரி வயர் அடியில்தானே இருக்கிறது. லாரி பேட்டரியிலிருந்து அதற்கு உயிர் கொடுத்தால் கதவு திறந்துவிடும். மார்லீனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. மானம் தப்பும்.

கிளிப்பை மாட்டினார். "இப்ப ரிமோட்ட அமுக்கு."

'டக்.' கதவு விரலளவு துள்ளித் திறந்தது.

"அப்பாடி! அந்தக் கம்பிதானா லெஸ்டர்?"

"ம்" என்றார், வண்டிக்கு அடியிலிருந்து. பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

கதவு அகலத் திறந்தது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி கிறீச்சென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

"எல்லாம் இந்தச் சனியன் புடிச்ச கண்ணாடியால வந்தது. இத்தன வருஷத்துல நேத்துதான் முழுசா ஏத்தினேன். மழை வரும்போல இருந்துச்சு, டுவேன் நனைஞ்சிடுவானேன்னு. ஏத்தின மறுநாளே இந்தக் கூத்து."

"ஏன், முன்னாடி ஏத்தவே மாட்டியா?"

"நீதானே ஏத்தக் கூடாதுன்னு சொன்னே?"

"நானா?"

"ஆமா, நல்லா கேளு! பனி கொட்டும், மூக்கு விறைக்கும், அவன் பக்கம் முழுசா ஏத்தியிருக்கும். என் பக்கம் மட்டும் ரெண்டு விரல் இடைவெளி. ஏத்துடான்னா, 'லெஸ்டர் வேணாம்னான், உள்ள காத்து போகணுமாம், இல்லாட்டி கதவுல பூசின பட்டி விட்டுருமாம்'னுவான். இந்தக் காது வலிக்கு நான் பாக்காத டாக்டர் இல்ல. உன்ன நான் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமா!"

ரெண்டு விரல் இடைவெளி. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கதவின் உள்கைப்பிடியை மேலே தூக்கப் போதும்.

"மார்லீன், அந்த மொத வருஷம் ஜனவரில ஏதாச்சும் நடந்துச்சா?"

"என்ன நடக்கும்? கடை வாசல்ல எவனோ கல்லெறிஞ்சு இந்தக் கண்ணாடி உடைஞ்சுதுன்னு வந்தான். கையெல்லாம் ரத்தம். எதுக்குக் கேக்குற?"

லெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பேட்டரி செத்த அன்றைக்குக் கண்ணாடியைத் தன் கையாலேயே உடைத்து, ரத்தத்தைத் துடைத்து, போன் போட்டு, 'சும்மா கேட்டேன்டா' என்றிருக்கிறான் பாவி. மனைவி விட்டுப்போன வருஷம் இவனிடம் இதையும் சொல்வானேன் என்று விழுங்கியிருக்கிறான். அடப்பாவி டுவேன், ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

"கம்பி இல்ல, மார்லீன்."

"என்ன?"

"நான் வைக்கவே இல்ல. மறந்துட்டேன். அப்புறம் வச்சேன்னு பொய் சொன்னேன். கண்ணாடிய உடைச்சது டுவேன்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் காதுக்கு நான்தான் காரணம்."

அடியிலிருந்து பார்க்க அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அது நகரவே இல்லை. துருவும் கிரீஸும் முகத்தில் உதிர, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தார்.

"வெளிய வா" என்றாள் கடைசியில். "நாளைக்கு வந்து அந்தக் கம்பிய வை."

வெள்ளிக்கிழமை முழுக்க வைத்தார். உள்பலகையைக் கழற்றி, கம்பியை இழுத்து, கதவுக்கு அடியில் ஒளித்து, இடத்தைக் காட்டினார். இருபது நிமிஷத்து வேலை, இந்த உடம்புக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. மார்லீன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் கதவு திறந்தது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு" என்றாள்.

சனிக்கிழமை உட்வர்ட் ரோட்டில் வண்டிகள் ஆமையாக நகர்ந்தன. மார்லீன் ஓட்டினாள். இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த பக்கத்து சீட்டில் லெஸ்டர், மடியில் டுவேன். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ரெண்டு விரல் இடைவெளியில் சாரல் சரியாக அவர் காதில் வந்து அடித்தது. தொப்பியைக் கழற்றி டுவேனுக்கு மூடிவிட்டு, கண்ணாடியை ஏற்றக் கையை நீட்டினார். "கம்பிதான் இப்ப இருக்கே, மார்லீன்."

"கைய எடு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

லெஸ்டர் கையை எடுத்துவிட்டார்.