கடுகெண்ணெய் பூசிய போல்ட்டுகள்

தொழிற்கருவிகளுக்குப் படைக்கும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள், கிரேனின் புதிய ஓட்டுநர் அறையைத் தாங்கும் போல்ட்டுகளில் குங்குமப் பொட்டு இருப்பதை ரமேஷ்பாபு பார்த்தார். பொட்டு பரவாயில்லை, சுற்றிலும் ஒரு மினுமினுப்பு இருந்தது. மோந்து பார்த்தார். கடுகெண்ணெய்.

கங்கைக்கரையில், கார்டன் ரீச்சின் அந்தக் கப்பல் பட்டறையில் எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்று கணக்குப் போடுபவர் ரமேஷ்பாபு. ஆள் கறார். அவர் சொன்னபடி இறுக்கிய கப்பலொன்று, கடலுக்குப் போனபின் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டதாகத் துறைமுகத்தில் இன்னும் பேச்சு. இந்த அறைக்கு அவர் கொடுத்த முறுக்கு அளவு நானூற்று நாற்பது நியூட்டன் மீட்டர். அது காய்ந்த போல்ட்டுக்கு. எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவு. அதே முறுக்கு போல்ட்டை ஜவ்வுமிட்டாய் போல இழுத்து, அறுந்துபோகும்படி செய்துவிடும்.

"கலியண்ணே, எண்ணெ யாரு போட்டது?"

"நான்தான் சார்," என்றார் பக்கத்தில் நின்ற, போல்ட் மாட்டும் பிட்டர் கலியன். "சாமிக்குக் காட்டாம மாட்டலாமா? எல்லாத்தையும் முக்கி எடுத்தேன். நீங்க சொன்ன நம்பருக்குத்தான் இறுக்குனேன். நம்பர் வந்ததும் ஸ்பேனர் கிளிக்குனு சொல்லுச்சு."



ஏணி வழியாகக் கல்பனா, அவர்கள் நின்றிருந்த கிரேன் உச்சிப் பலகைக்கு வந்தாள். கிரேன் ஓட்டுபவள், ரமேஷ்பாபுவின் மனைவி. இந்த வேலைக்கு அவள் மனுப்போட்ட நாளிலிருந்து ஏறாதே, ஏறாதே என்று சொல்லிவந்திருக்கிறார். காற்று, இடி, தலைசுற்றல், காளிகாட் ஜோசியர். எதுவும் எடுபடவில்லை. இன்றைக்குத்தான் உண்மையான காரணம் கிடைத்திருக்கிறது. அதுவும் பழைய காரணங்களின் வரிசையில் போய் நின்றுகொண்டால்?

அவள் அறைக் கதவைத் திறந்தாள்.

"கல்பனா, உள்ள போகாத. போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும்."

"போன மாசம் பருந்து கொத்தும்னீங்க. இந்த மாசம் போல்ட்டா?"

கலியன் இருமுவது போலச் சிரித்தார்.

"இது கணக்கும்மா."

"கணக்கு போட்டது யாரு?"

"நான்தான். காஞ்ச போல்ட்டுக்குன்னு சொல்லாம விட்டுட்டேன். என் தப்பு."

கல்யாணமானதிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

கலியன் ஒரு போல்ட்டைக் கழற்றினார். பையிலிருந்த புதியதை அதன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் தலைமேலும் இரும்பு ஸ்கேலை வைத்தாள் கல்பனா. குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். புதிய போல்ட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே மயிரிழை அளவு வெளிச்சம்; கழற்றியது அந்த அளவு நீண்டிருந்தது.

"எல்லாத்தையும் மாத்தணுமா?"

"எல்லாத்தையும்."

கலியன் ஸ்டோருக்கு இறங்கிப் போனார். நீயும் இறங்கேன் என்று வாயெடுத்த ரமேஷ்பாபு அடக்கிக்கொண்டார். கல்பனா பலகை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டாள். சற்று நேரம் கழித்து அவரும் கம்பியைப் பிடித்தபடி அவளருகே உட்கார்ந்தார், கீழே பார்க்காமல். அவர்களுக்குப் பின்னால், காலி அறையின் கதவு கங்கைக் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தது.