இரண்டாம் தொகுதியின் ஐம்பத்தொரு சதவீதம்

வெர்லீன் டிஸ்டேலுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஆஷ்பி கவுண்டியின் கிழக்குப் பக்கத்துக்கு ஆம்புலன்ஸ் திரும்பி வர வேண்டும். சிக்கனம் என்று சொல்லி, கவுண்டியை நிர்வகிக்கும் போர்டு அந்த வண்டியை மேற்கே கொண்டுபோய் நிறுத்திய மறு வருஷம், அவள் புருஷன் ஆமோஸ் சமையலறைத் தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வண்டி வந்து சேர நாற்பத்தேழு நிமிஷம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போர்டில் இருந்த ஐந்து பேரும் வெள்ளையர்கள், ஐந்து பேர் வீடும் மேற்கே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மூலையில் கவுண்டி என்று ஒன்று உண்டான நாள் முதல் ஒரு கறுப்பர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அங்கே போய் யாரிடம் அழுவது?

அதனால்தான் 2010இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தாள். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மிச்ச நேரமெல்லாம் பையை மாட்டிக்கொண்டு செம்மண் பாதைகளில் வீடு வீடாக நடப்பாள். மரம் வெட்டும் கிழவர் எஸ்ரா பாய்கின் வலைக்கதவைக்கூடத் திறக்கவில்லை.

"கவர்மென்ட்டு என்னை எண்ண வந்தப்பல்லாம் எதையாவது புடுங்கிட்டுத்தான் போயிருக்கு. நீ போ தாயி."

"நாம எத்தன பேருன்னு காட்டுனாத்தான் நமக்குன்னு ஒரு தொகுதி குடுப்பாங்க. ஆமோஸ் எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? எனக்காகச் சொல்லுங்க எஸ்ரா."

கிழவர் வலைக்கதவைத் திறந்தார். "உன் வாக்க நம்புறேன். கவர்மென்ட்ட நம்பி இல்ல" என்று சொல்லி, வீட்டிலிருந்த ஆறு பேரின் பேரையும் கொடுத்தார். இப்படி அவள் வாக்கை நம்பிப் பேர் கொடுத்த வீடுகள் ஒன்றா இரண்டா!

மறு வருஷம் கணக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முன் கவுண்டியில் நூற்றுக்கு முப்பத்து நாலாக இருந்த கறுப்பர்கள் இப்போது நாற்பத்து மூன்று! உள்ளூர்ப் பத்திரிகை 'மாறுகிறது ஆஷ்பியின் முகம்' என்று முதல் பக்கத்தில் போட்டது. காபிக் கடையில் வெள்ளைக்கார விவசாயிகள் முகம் இஞ்சி தின்றாற்போல் ஆனது. கறுப்பர்களின் மவுண்ட் கிலியத் தேவாலயத்தில் கைதட்டல் ஓயவில்லை. வெர்லீனுக்கும் தலைகால் புரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. அவள் பேருந்தில் ஏறும் கறுப்புப் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டேதான் வந்தார்கள். கிழக்கே ஒரு புது வீடுகூட எழும்பவில்லை. அப்புறம் எங்கிருந்து முளைத்தார்கள் இத்தனை பேர்? சந்தோஷம் வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் தெரியாது போலும்.

ஒரு தொகுதி தராவிட்டால் வழக்குப் போடுவோம் என்று தேவாலயத்தார் முறுக்கியதும் போர்டு இறங்கி வந்தது. தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்க ஒரு குழு போட்டு, அதில் தேவாலயத்தின் டீக்கன் ஹோசியா கிரேடியையும் சேர்த்துக்கொண்டது. டீக்கன் சாதாரண ஆளில்லை. ஆமோஸின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று ஜெபம் சொன்னவர். வெர்லீன் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் மாதிரி. குழு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையில் ஏறி ஒரு தாளை உயர்த்திப் பிடித்தார்.

"இரண்டாம் தொகுதி! ஐம்பத்தொரு சதவீதம் நம்ம ஜனம்! இனி வழக்கு வேண்டாம், வக்கீல் வேண்டாம். சிஸ்டர் வெர்லீன், எழுந்திருங்க. அந்த நாற்காலி உங்களுக்குத்தான்!"

தேவாலயமே எழுந்து நின்றது. வெர்லீன் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே தம்பி லெண்டனைப் பார்க்கப் போனாள். பைன் ரோட்டின் கோடியில், பத்து வருஷத்துக்கு முன்புவரை வேர்க்கடலை வயலாக இருந்த இடத்தில்தான் மாநிலச் சிறை இருக்கிறது. அவனுக்குப் பதினாலு வருஷத் தண்டனை, ஏழு முடிந்திருந்தது. மற்ற கைதிகளைப் பார்க்க அட்லாண்டாவிலிருந்தும் சவானாவிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். வெர்லீனுக்கு மட்டும் எட்டு மைல்தான்.

"அக்கா, நீ போர்டு மெம்பரா? அந்தக் கோட்டுப் போட்டவனுங்க நடுவுல?" என்று சிரித்தான் லெண்டன். "எனக்கு மட்டும் ஓட்டு இருந்தா ரெண்டு தடவ குத்துவேன்."

"அதனாலதான்டா உள்ள போட்டு வெச்சிருக்காங்க."

"எங்களையும் எண்ணினாங்க தெரியுமா? ஒருத்தனும் எங்ககிட்ட வந்து கேக்கல. வார்டனே பட்டியலத் தூக்கிக் குடுத்துட்டானாம்."

"ஆமா, நீதான் பாக்கி" என்று அவன் தலையில் செல்லமாகத் தட்டினாள். பேச்சு அதோடு போனது.

2012 செப்டம்பரில் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டாம் தொகுதிக்குள் நடக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு வீட்டையும் விடக் கூடாது, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ள வேண்டும். தொகுதியின் மொத்த ஜனம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்று டீக்கனின் தாள் சொன்னது. முதல் வாரம் முழுக்க வெள்ளையர் வீடுகளே வந்தன. எல்லாம் இனிமேல்தான் வரும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரமும் அப்படியே. எஸ்ரா பாய்கின் வீட்டைத் தேடினால், கோடு அவர் வேலிக்கு வெளியே வளைந்து போயிருந்தது. தேவாலயத்தைச் சுற்றியிருந்த தெருக்களை மூன்று தொகுதிகளுக்குப் பிய்த்துக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டை மட்டும் கோட்டின் ஒரு வால் நீண்டு வந்து உள்ளே இழுத்திருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை கடைசி வீட்டையும் முடித்துவிட்டு, பைன் ரோட்டு ஓரத்தில் காரை நிறுத்தி எழுதியதைக் கூட்டிப் பார்த்தாள். எழுநூற்று நாற்பது பேர். அதில் கறுப்பர்கள் நூற்று எண்பது. திரும்பக் கூட்டினாள், அதேதான். மிச்சப் பேர் எங்கே? தலையைத் தூக்கினாள். எதிரே சிறையின் முள்வேலி. லெண்டன் அன்று சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. 

நேரே டீக்கன் வீட்டுக்குப் போனாள். அவர் தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர், வாங்க! பிரசாரம் எப்படிப் போகுது?"

"டீக்கன், நம்ம தொகுதியில ஜெயில் இருக்கு."

"கோடு எங்கயாவது போகத்தானே செய்யும்?"

"உள்ள இருக்கிற ஓட்டில்லாதவங்களையும் நம்ம ஜனம்னு சேத்துட்டாங்க. பாவம், உங்களையும் ஏமாத்திட்டாங்க. அதுல நம்ம ஆளுங்க எத்தன பேரோ தெரியல..."

"எண்ணூறு" என்றார் டீக்கன்.

தண்ணீர் அவர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் வெர்லீன்.

"சிஸ்டர், கேளுங்க..."

"மேடையில நின்னு அந்தத் தாளத் தூக்கிக் காட்டுனப்பவே தெரியும்!"

"நூத்தம்பது வருஷமா ஒண்ணும் குடுக்காதவனுங்க! வழக்குப் போட்டா ஆறு வருஷம் இழுக்கும், அதுக்குள்ள நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன். 'எங்களுக்கும் ஒரு தொகுதி கெடச்சுச்சு'ன்னு ஒரு தடவ, சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவ, ஜனத்துக்கு முன்னால நின்னு சொல்லணும்னு இருந்துச்சு. வெள்ளக்காரங்கள்லயும் நல்லவங்க இருக்காங்க, நாலு பேரு உங்களுக்குப் போட மாட்டாங்களான்னு நெனச்சேன்."

"வழக்கு வேண்டாம்னு சொன்னதுக்கு உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

டீக்கன் குழாயை மூடினார். "தேர்தல் கமிட்டியில ஒரு எடம்" என்றார். 

"டீக்கன், நான் வீடு வீடாப் போயி, ஆமோஸ் பேரச் சொல்லிக் கெஞ்சி இந்த ஜனத்த எண்ணிக் குடுத்தேன். நீங்க ஒரு நாற்காலிக்கு எங்க எல்லாரையும் வித்துட்டீங்க. நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!"

 அவள் கார் கதவைச் சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெர்லீன் பின்வாங்கவில்லை. வெள்ளையர் வீடுகளுக்கும் இரண்டாம் தடவை போனாள். தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், ஆம்புலன்ஸ் நல்ல யோசனை என்றார்கள். நவம்பரில் அவளுக்கு நூற்றுப் பதினெட்டு ஓட்டு, கோழிப்பண்ணைக்காரர் வேட் ஹட்டோவுக்கு முந்நூற்று இருபத்து நாலு. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் இந்தக் கோட்டை யாரும் தொடப்போவதில்லை.

மறுநாள் எஸ்ரா பாய்கின் வீட்டுக்குப் போனாள். வலைக்கதவுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. அவள் வாசலிலேயே நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் சிறைக்குப் போனாள். லெண்டன் முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப நான் உன் தொகுதியா?" என்றான் கடைசியில். "என்ன வெச்சுத்தான் உன்னத் தோக்கடிச்சாங்களா?"

"நீ என்னடா பண்ணுவ?"

 அவன் மேஜையைப் பார்த்தபடி சொன்னான்.

"கிரேடி டீக்கன் மாசா மாசம் இங்க ஜெபம் பண்ண வருவாருல்ல? போன வருஷம் ஒரு நா வந்தாரு. எங்க ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சாரு. 'வெளிய இருக்கிறவங்க உங்கள மறந்துட்டாங்கன்னு நெனைக்காதீங்க மக்களே, எங்க எண்ணிக்கையில நீங்களும் இருக்கீங்க'ன்னாரு. சில பேரு அழுதுட்டானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாரும் ஆமென்னு சொன்னோம் அக்கா" என்றான் லெண்டன். "நான்தான் சத்தமாச் சொன்னேன்."