சாவு வீட்டு மருமகள்

"தலைத்துணியக் கழட்டு. அந்தச் சால்வையையும் கழட்டு. சுருட்டி எங்கயாவது வை, சீக்கிரம்!"

மாம்பேலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வாசலில் அரசாங்கக் கார் வந்து நின்றிருந்தது. முற்றத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த தமன்டானி, கத்தியைக் கீழே வைக்காமல் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி மறையும்படி இறக்கிக் கட்டிய துணி, தோளில் ஊசி குத்திய சால்வை, கணுக்கால் வரை பாவாடை. எங்கள் பக்கத்தில் இந்த உடுப்பைப் பார்த்தாலே போதும், இவள் இந்த வீட்டு மருமகள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அன்று காலை அதை எடுத்துக் கொடுத்து, "சாவு வீடு, நாலு பேர் வருவாங்க, ஒழுங்கா உடுத்திக்கோ" என்று சொன்னவளும் இதே மாம்பேலேதான்.

"ஏன்மா கழட்டணும்? நான் இந்த வீட்டு மருமகளான்னு பாக்கத்தானே அவரு வந்திருக்காரு?"

"வாயாடாத. உள்ள சர்ச்சு மாதர் சங்கத்துக்காரங்க உக்காந்திருக்காங்க. பாஸ்டர் காதுக்குப் போச்சுன்னா நாளைக்குப் பொணத்த யாரு அடக்கம் பண்றது, நீயா?"

இறந்தது மாம்பேலேயின் கணவருக்கு அண்ணன். அன்று மாலை பிணவறையிலிருந்து பிணம் வீட்டுக்கு வரும். மறுநாள் சனிக்கிழமை அடக்கம். முந்நூறு பேருக்குச் சோறு போட வேண்டும்.

தமன்டானி மலாவிக்காரி. நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. மாம்பேலேயின் மகள் ஸோலேகாவும் அவளும் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருடமாகிறது. தென்னாப்பிரிக்காவில் பெண்ணைப் பெண் கட்டலாம். கட்டியவள் வெளிநாட்டுக்காரியானால் இங்கேயே தங்கவும் உரிமை உண்டு. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணம் நிஜம்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். அவர் 'ஆமாம்' என்று எழுதாவிட்டால் தமன்டானி இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவள் ஊரிலோ இப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் பரிசு சிறை.

இந்தக் குடும்பத்தின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஒருவரும் போகவில்லை, 'அசிங்கம்' என்றார்கள். அடுத்த வருடம் லுங்கிலேயின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். லுங்கிலே மாம்பேலேயின் மூத்த மகன், குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்காத மகாராஜா. வீட்டில் வேலைக்குக் கை இல்லை. உடனே அசிங்கம் மறந்துபோயிற்று. இருவரையும் பின் அறையில் குடிவைத்து, ஓர் ஆட்டை அறுத்து, மூதாதையருக்குச் சொல்லி, தமன்டானிக்கு 'நோகாயா' என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குரியவள் என்று அர்த்தம். மருமகளுக்குப் புகுந்த வீடு வைக்கும் பெயர் அது, வேறு யாருக்கும் வைப்பதில்லை. பாஸ்டருக்கு மட்டும் சொல்லவில்லை. செத்தவர்களிடம் ஒரு பேச்சு, சர்ச்சில் ஒரு பேச்சு. வெட்கம் என்பது கிராம் கணக்கில்கூட இல்லாத வீடு.

தமன்டானி தலைத்துணியையும் சால்வையையும் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதிகாரி மஜோலா கூடத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரே சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலருமாக மூன்று மாதர் சங்கத்துப் பெண்கள். அவர் ஸோலேகாவிடம் கேட்ட முதல் கேள்வியே அவரைக் காட்டிக்கொடுத்தது.

"உங்க ரெண்டு பேர்ல யாரு புருஷன்?"

"புருஷன் இல்ல சார். ரெண்டு பேரும் பொண்டாட்டி" என்றாள் ஸோலேகா. "சட்டத்துல இருக்கு. படிச்சீங்களா?"

"உன் பேச்சு எனக்கு வேணாம்மா. நீ எது வேணா சொல்லுவ. வீட்டுப் பெரியவங்க சொல்லட்டும்." மாம்பேலே பக்கம் திரும்பினார். "அம்மா, சமையக்கட்டுல நிக்கிற பொண்ணு யாரு?"

மாம்பேலே சிவப்புச் சட்டைகளைப் பார்த்தாள்.

"பின் ரூம்ல வாடகைக்கு இருக்கா சார்."

"அம்மா!"

"நீ சும்மா இரு ஸோலேகா. நல்ல பொண்ணு சார். அமைதியான பொண்ணு."

"தங்கச்சிக்கு ஃப்ரெண்டு" என்றான் லுங்கிலே, சோபாவில் சாய்ந்தபடி. அவன் அன்று குடும்பத்துக்குச் செய்த ஒரே உதவி அது.

மஜோலாவுக்கு மனசு குளிர்ந்தது. எழுத ஆரம்பித்தார். ஆபத்து நீங்கியதென்று மாம்பேலேக்கும் மூச்சு வந்தது. வந்தவரை உபசரிக்க வேண்டுமே. சமையலறைப் பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில் உரக்கக் குரல் கொடுத்தாள்.

"நோகாயா! சாருக்கு டீ கொண்டா!"

மஜோலாவின் பேனா நின்றது. அவரும் எங்கள் ஆள்தானே.

"ஏம்மா, வாடகைக்கு இருக்கிறவளுக்கெல்லாம் மருமக பேரு வைக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

மாம்பேலேயின் முகம் கறுத்தது. "அது... வீட்டு வேலையும் செய்வா சார். வேலைக்காரிதான். அவ பேரு வாயில நுழையல, அதான் இப்படிக் கூப்பிடறோம்."

"வாடகை குடுக்கிற வேலைக்காரி! குடுத்து வெச்ச வீடும்மா உங்களுது." சிரித்துக்கொண்டே வாடகை என்று எழுதியதை அடித்துவிட்டு வேலைக்காரி என்று எழுதினார். பொய் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பொய் அவருக்குப் பிடித்திருந்தது. இப்படிப்பட்ட இரண்டு பேரைப் பிரித்து வைத்தால் நிம்மதியாகத் தூங்குகிற ஜாதி மனிதர் அவர்.

தமன்டானி டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"வேலைக்காரின்னு எழுதியாச்சா சார்?"

"ஆச்சும்மா."

"அப்ப வேலைய விட்டுட்டாள்னும் எழுதிக்குங்க." மாமியாரிடம் திரும்பினாள். "நாளைக்குச் சமையலுக்கு வேற ஆள் பாத்துக்குங்கம்மா."

அவள் வெளியே நடந்தாள். ஸோலேகா கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மஜோலாவும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"போகட்டும் விடு" என்றாள் மாம்பேலே. சொல்லிவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு மூட்டை பாதிகூடத் தீரவில்லை. முட்டைக்கோஸ் மலையாகக் கிடந்தது. ரொட்டிக்குப் பிசைந்த மாவு பாத்திரத்தை விட்டு வழிந்துகொண்டிருந்தது. அறுத்த மாடு துண்டு போடாமல் தொங்கியது. மாதர் சங்கத்தினரைப் பார்த்தாள்.

"நாங்க ஜெபத்துக்கு வந்தோம் சிஸ்டர்" என்றாள் மூவரில் மூத்தவள், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு.

அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் திரும்பினால் எங்கள் தெரு பத்து வருடம் பேசும். மகள் பெண்ணைக் கட்டியது அதற்கு முன்னால் எந்த மூலைக்கு! மாம்பேலே செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

"நோகாயா! ஏய் நோகாயா! பொணம் வீட்டுக்கு வர்ற நேரத்துல விட்டுட்டுப் போற மருமக உண்டா?"

தெரு முழுக்க வேலியோரம் வந்து நின்றது. மஜோலா காரைக் கிளப்பாமல் கண்ணாடியை இறக்கினார். சண்டை பார்ப்பதில் யாருக்குத்தான் ருசியில்லை?

தமன்டானி கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். "யாரம்மா மருமக? எனக்குத் தெரியணும். சாருக்கும் தெரியணும்."

"நீதான்டி! வேற யாரு?"

"யாரு கட்டின மருமக?"

மாம்பேலே திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் மூன்று சிவப்புச் சட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"ஸோலேகா கட்டினவ! என் மக கட்டின மருமக! போதுமாடி?"

தெருவில் பாதிப்பேர் கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மஜோலா அதைக் கவனித்தார். அப்புறம்தான் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. கார் முகப்பின் மேல் காகிதத்தை விரித்து வேலைக்காரியை அடித்தார். துணைவி என்று எழுதினார். மாம்பேலே அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். தமன்டானி எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சமையலுக்குத் திரும்பினாள். லுங்கிலேயைச் சோபாவிலிருந்து எழுப்பி மாட்டை வெட்டச் சொன்னாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் பாஸ்டர் வந்தார். சங்கதி முந்தின நாள் மாலையே அவர் காதுக்குப் போயிருந்தது. கல்லறையில் பாவத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார், ஸோலேகா நின்ற பக்கமாகவே பார்த்து. பிணத்தைவிட அவளுக்குத்தான் அன்று ஜெபம் அதிகம். பிறகு வீட்டுக்கு வந்து பந்தலில் முதல் மேசையில் உட்கார்ந்தார். இறைச்சி, பீட்ரூட், சோளச் சோறு என்று ஒரு தட்டை வழித்துத் தின்று முடித்தார்.

தமன்டானி இறைச்சிப் பாத்திரத்தோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மேசை முழுவதற்கும் கேட்கும்படி, மரியாதையாகவே சொன்னாள்.

"நான் ஸோலேகாவோட பொண்டாட்டி, பாஸ்டர். எல்லாம் என் கையால சமைச்சது. இன்னும் கொஞ்சம் போடவா?"

பாஸ்டர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். தட்டை நீட்டினார்.