வாயைத் திறக்கட்டும்

பிறந்து ஐந்து நாளாகியும் குழந்தை ஒரு வேளைகூட ஒழுங்காகப் பால் குடிக்கவில்லை. மார்பருகே கொண்டுபோனால் காம்பின் நுனியை மட்டும் கவ்வும், நழுவவிடும், வீறிட்டு அழும். காம்பு இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தன. பெற்றவள் பாலைப் பீய்ச்சி, எடை பார்த்த நர்ஸ் சொன்னபடி கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். மயிரிழைக் கம்பியையும் கை நடுங்காமல் பற்றவைப்பதால் கடையில் அவளுக்கு ‘ஊசிக்கை’ என்று பெயர். அந்தக் கைக்கு இந்த மூன்று கிலோ உயிர் பிடிபடவில்லை.

கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். துணைக்கு அவனுடைய அக்கா, தன் ஏழு மாதப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம்.

ஆறாம் நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை அழுதது. சட்டென்று அழுகை நின்றது. ஈரத்தலையோடு ஓடிவந்தாள். கட்டிலில் உட்கார்ந்து நாத்தனார் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மொடக் மொடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு இவளுக்கும் பால் சுரந்து நைட்டியை நனைத்தது.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"பசியில துடிச்சுதும்மா. மனசு கேக்கல."

"என் புள்ளைக்கா!"

வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வயிறு நிறைந்த குழந்தை தூங்கியது. அவள்தான் அழுதாள். அடுத்தவளிடம் குடிக்கிறான், என்னிடம் மட்டும் மாட்டேன் என்கிறான் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது.

மத்தியானம் நாத்தனார் கதவைத் தட்டி உள்ளே வந்தாள்.

"கேக்காம செஞ்சது தப்புதான். என்னைத் திட்டிக்கோ." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "என் பெரியவனுக்கு நான் பால் கொடுத்ததே இல்ல. பால் ஊறலன்னு ஊரெல்லாம் சொன்னேன். ஊறுச்சு. வலி தாங்காம நாலாம் நாளே விட்டுட்டேன். பொய் சொன்னதுதான் இன்னும் உறுத்துது. இந்தச் சின்னவளுக்குத்தான் வார்டு நர்ஸ் பக்கத்துல உக்காந்து பழக்கிவிட்டாங்க."

குழந்தை நெளிந்தது. வீறிடும் முன்பே அவள் அதை எடுத்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"மாரு கல்லாட்டம் இருக்கு. கொஞ்சம் பீய்ச்சிட்டு இளக விடு. அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டணும். மூக்குக்கு நேரா காம்பு. திணிக்காதே. கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறக்கட்டும். திறந்ததும் நீ குனியாம அவனை இழு. தாடை முதல்ல படணும்."

முதல் தடவை நுனியையே கவ்வினான். வலியில் உயிர்போனது. விரலை வாயோரம் விட்டு விடுவித்தாள். இரண்டாவது தடவை அழுதான். மூன்றாவதிலும் நழுவியது.

"போதும்கா. எனக்கு வராது."

"அவனுக்கும் இது புதுசுதானே. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அனுபவம், ஆறு நாள்."

அவளையறியாமல் சிரிப்பு வந்தது. தோள் தளர்ந்தது. குழந்தை வாயை அகலத் திறந்தான். இழுத்து அணைத்தாள். இந்த முறை வேறு மாதிரி இருந்தது. முதலில் சுரீரென்றது, பிறகு வெறும் இழுவை. தாடை ஏறி இறங்கியது. ஒரு விழுங்கல். இடைவெளி. இன்னொன்று. இருவரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புண் ஆற மேலும் ஒரு வாரமானது. சில வேளை கரண்டியும் தேவைப்பட்டது. ஆனால் அடுத்த முறை நர்ஸ் தராசில் போட்டபோது எடை ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் கணவன் போன் செய்தான். "குடிக்கிறானா? எப்படிப் பழக்கினே?"

"உங்க அக்காகிட்டயே கேளுங்க," என்று போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.