மொட்டைப் பாத்தி

பாத்தி மொட்டையாய்க் கிடந்தது.

நாலந்தாவில் குடைமிளகாய் இறக்கிவிட்டு உக்குவளைக்குத் திரும்பிய றிஷாத், லொறிச் சாவியும் கையுமாக நின்றான். காலையில் மார்பளவு நின்ற, பாய் பின்னும் பன்புல்லில் ஒன்றுகூட இல்லை. வெறும் சல்லிக்கல்லும் தண்ணீரும்தான்.

அவனுடைய பசுமைக்குடிலில் செடிக்குப் பாய்ந்தது போக வழியும் உரத் தண்ணீர், கீழ்க் காணியில் நூருன்னிஸா மாமியின் கிணற்றைப் பச்சையாக்கியிருந்தது. அதற்காகத்தான் சல்லி நிரப்பி, பன் நட்டு, இந்தப் பாத்தி. பன் வேர் உரத்தை இழுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் மாமியின் காணி வழியே வாய்க்காலில் இறங்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து பார்ப்பதாகவும், தெளியாவிட்டால் வாய்க்காலை மண்போட்டு மூடிவிடுவதாகவும் மாமி சொல்லியிருந்தார். வாய்க்கால் மூடினால் குடிலும் மூடவேண்டியதுதான். தண்ணீர் தானாய் வடிய வேறு வழியில்லை.

யார் செய்த வேலை? மனம் ஊரையே சல்லடை போட்டுத் தேடியது.

எதிரி குடிலுக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அருள்மணியக்கா. தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் புல்லு வெட்டியவர்; இங்கே சேர்ந்து ஒரு வாரம்.

“மாமி வர்றாங்க, பாத்தி சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே மொதலாளி சொன்னீங்க? ஒரு புல்லு விடல. வேரோட எடுத்துட்டேன்.”

சொன்னது அவன்தான்.

வெள்ளிக்கு இரண்டே நாள். பாத்தித் தண்ணீரை இறைத்து வாழைக்கு ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பினான்.

மாமி வந்தார். பாத்தித் தண்ணீரைக் குவளையில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு தூசி இல்லை.

“மாஷா அல்லாஹ். இனி கெணத்துல ஒளு எடுக்கலாம் மகன்.”

அங்கேதான் அவன் உடைந்தான். தொழுகைக்கு முகம் கழுவும் தண்ணீரிலா பொய்?

“மாமி, இது குழாத் தண்ணி.”

நடந்ததையெல்லாம் சொன்னான். மாமி குவளையைக் கவிழ்த்தார். பிறகு, பன் எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்று கேட்டார். அவன் மார்பைத் தொட்டுக் காட்டினான்.

“அது வரைக்கும் ஒரு சொட்டு என் பக்கம் எறங்கக் கூடாது. வாழைக்கே ஊத்து. பொறகு சொல்லாமத்தான் வருவேன்.”

பிடுங்கிய பன்னை அருள்மணியக்கா வாழையடியில் மூடாக்காகப் போட்டிருந்தார். அவன் ஊற்றிய உரத் தண்ணீரில் வேர்கள் பிழைத்துக் கிடந்தன. கயிறு பிடித்து, தேயிலைக் கன்று நடுவதுபோல் வரிசை தப்பாமல் அவற்றைத் திரும்ப நட்டார் அவர். வரப்பில் முளைத்திருந்த புல்லொன்றைப் பிடுங்கப் போய், கையை நிறுத்தினார்.

“இது இருக்கலாமா, மொதலாளி?”